மவுஸ் பிடிக்கிற கை

பாய் யாருடைய முகத்தையும் முதலில் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார். மாடிப்படி ஏறி வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் அவருடைய பார்வை மணிக்கட்டில் தொடங்கி விரல் விரலாக இறங்கி முடிந்திருக்கும். சிலருக்கு அது எரிச்சல். எனக்குப் பயம். நான் பயப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம், மேனேஜர் இருமினாலே எழுந்து நிற்கிற ஆள்தான். ஆனாலும் பாய் பார்த்தால் வருகிற பயம் வேறு மாதிரி. என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று தோன்றும்.

ஆம்பூர் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய ப்ரௌசிங் சென்டர் இருந்தது. கீழே ஷூவுக்கான ஹீல், பக்கிள், லேஸ் விற்கிற கடை. அங்கே டப்பா திறக்கிறபோதெல்லாம் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை படியேறி மேலே வந்துவிடும். காலையில் சென்டரில் மெயில் பார்ப்பவர்களும் வேலைக்கு அப்ளிகேஷன் அடிப்பவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் ஆனால் போதும், எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒன்றாக இணைத்துவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து துப்பாக்கி விளையாட்டு. ஷூ கம்பெனி சூப்பர்வைசர்கள், எக்ஸ்போர்ட் ஆபீஸ் பையன்கள், காலேஜ் மாணவர்கள் எல்லோரும் அங்கே எதிரிகள். நான் ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் செக்ஷனில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவன். பகல் முழுக்க மவுஸ் பிடித்துவிட்டு சாயங்காலமும் மவுஸ் பிடிக்கப் போனேன். அம்மா பள்ளிக்கூட டீச்சர். “இதுக்கு மாடு மேய்க்கப் போலாம்டா, வெளிக்காத்தாவது கிடைக்கும்” என்பார்.

இப்போதெல்லாம் மவுஸ் பெட்டியின் மேலேயே எந்தப் பிடிக்கு எது பொருத்தம் என்று படம் போட்டு விற்கிறார்கள். போன மாதம் என் தங்கை மகன் அதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எனக்கு விளக்கினான். நானும் புதிதாகக் கேட்கிறவன் மாதிரி தலையாட்டினேன். ஆம்பூரில் ஒரு மாடி அறையில், பழைய ஷூ பெட்டிக்குள் மவுஸ்களைக் குவித்து வைத்துக்கொண்டு பாய் இதையெல்லாம் அப்போதே சொன்னார்.

அவர் கணக்கில் மனிதர்கள் மூன்று ஜாதி. உள்ளங்கை முழுக்க மவுஸ் மேல் படுக்க வைப்பவன், விரல் நுனியில் மட்டும் தொட்டு நகர்த்துபவன், பூனை மாதிரி விரல்களைக் கூட்டிப் பிடிப்பவன். முதல் ஆளுக்கு முதுகு உப்பிய பெரிய மவுஸ். இரண்டாவது ஆளுக்குச் சின்னது, தட்டையானது, கனமே இல்லாதது. மூன்றாவது ஆளுக்கு நீளம் குறைந்து பின்பக்கம் மட்டும் மேடாக இருப்பது. அதற்கு மேல், ஆள் எப்படி ஆடுகிறான் என்று பார்ப்பார். ஓடி ஓடிச் சுடுகிறவனுக்கு மவுஸைப் பிரித்து உள்ளே இருக்கிற இரும்புத் தகட்டை எடுத்துவிட்டுக் கொடுப்பார். தூரத்தில் நின்று குறி பார்க்கிறவனுக்கு அந்தத் தகட்டை அப்படியே விட்டுவிடுவார்.

மவுஸுக்குக் கீழே போடுகிற பேட் கடையில் வாங்கியது இல்லை. கம்பெனிகளில் கழித்துப் போட்ட தோல் துண்டை வெட்டி வைத்திருப்பார். வழவழப்பான பக்கம் மேலே இருந்தால் மவுஸ் பறக்கும். திருப்பிப் போட்டால் சொரசொரப்பு, மவுஸ் சொன்ன இடத்தில் நிற்கும். எவனுக்கு எந்தப் பக்கம் என்பதை அவர்தான் சொல்வார். மாற்றிப் போட்டால் வந்து திருப்பி வைத்துவிட்டுப் போவார், ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஒரு கட்டிங் சூப்பர்வைசர் இருந்தார். உள்ளங்கை தோசைக்கல் அளவு. அப்போதுதான் புதிதாக வந்திருந்த, அடியில் சிவப்பு விளக்கு எரிகிற சின்ன மவுஸ்தான் வேண்டும் என்று அடம் பிடித்தார். பாய் அவர் கையைப் பார்த்தார். பெட்டிக்குள் துழாவி, மஞ்சள் பூத்துப்போன, அடியில் பந்து உருளுகிற பழைய மவுஸ் ஒன்றை எடுத்து வைத்தார்.

“இன்னா பாய், எனக்கு மட்டும் மியூசியத்துலேர்ந்து எடுத்துத் தர்றீங்க?”

“ஒன் கைக்கு அது கம்மி. ரெண்டு நாள் ஆடினா மணிக்கட்டு போய்டும். அப்புறம் வேலைக்குப் போய் இன்னாத்த வெட்டுவ?”

சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அன்றைக்கு எங்கள் கட்சியை அவர் ஒருவரே சுட்டுத் தள்ளினார். அதற்குப் பிறகு அந்த மஞ்சள் மவுஸை வேறு யாரும் தொட விடமாட்டார்.

இவ்வளவு தெரிந்த பாய் ஒரு நாளும் ஆட்டத்தில் உட்கார்ந்ததில்லை. இடது கை எப்போதும் பேண்ட் பாக்கெட்டுக்குள். மவுஸைப் பிரிக்க வேண்டுமென்றால் அதை முழங்கால் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வலது கையாலேயே ஸ்க்ரூவைத் திருகுவார். டீ வந்தால் வலது கையில் வாங்கி, மேஜையில் வைத்து, அதே கையால் சில்லறை தருவார். அந்த இடது கையைப் பற்றி எங்களுக்குள் ஆயிரம் கதை ஓடியது. தோல் பதனிடுகிற டேனரியில் மெஷின் விரலைக் கடித்துவிட்டது என்றான் ஒருவன். யாரையோ வெட்டியிருக்கிறார், பதிலுக்கு வெட்டு வாங்கியிருக்கிறார் என்றான் இன்னொருவன். எல்லார் கையையும் அப்படிப் பார்க்கிறவர் தன் கையை மட்டும் காட்டாமல் இருந்தால் ஜனங்கள் வேறு என்னதான் பேசும்? நான் எல்லாக் கதையையும் நம்பினேன். அவர் என் பின்னால் வந்து நின்றால் முதுகு கூசும்.

என் கையை முதல் நாள் பார்த்தபோதே அவர் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

“எப்டி ஆடுவ?”

“சும்மா, சுமாராத்தான் பாய்.”

“அத கேக்கல. ஓடுவியா, ஒளிவியா?”

பக்கத்தில் இருந்தவன் சிரித்துவிட்டான். “அவன் மூலைல குந்திக்கினு ஆட்டம் முடியற வரைக்கும் எந்திரிக்கவே மாட்டான் பாய்.”

“பதுங்கி ஆடறவன். சரி” என்று தகடு எடுக்காத கனமான மவுஸைத் தந்தார். தோலைச் சொரசொரப்பான பக்கம் திருப்பி வைத்தார். எனக்கு அது சரியாகத்தான் பொருந்தியது. ஆனால் என் விஷயத்தில் அவர் அதோடு விடவில்லை. ஆட்டத்தின் நடுவில் வந்து என் சுண்டுவிரலைக் குனிந்து பார்ப்பார். மவுஸின் வலது ஓரத்தைப் பிடித்திருக்க வேண்டிய விரல் அது. எனக்கு அது தனியே விலகிக் கீழே தோல் மேல் கிடக்கும். “விரல உள்ள எடு” என்பார். எடுப்பேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி விலகியிருக்கும். பிறகு மவுஸை மாற்றினார். அதற்குப் பிறகு இன்னொன்று. யாருக்கும் அப்படி மாற்றி மாற்றிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் என் காதருகில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி ஒன்று கேட்டார்.

“மோதிரவெரலும் சுண்டுவெரலும் வளையுதே, நீயா கூட்டிப் புடிக்கிறியா, இல்ல அதுவா கூடிக்குதா?”

இதென்ன கேள்வி? “பழக்கம் பாய்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “இன்னாண்ணா, குழம்பு புடிக்கலயா?” என்றாள் தங்கை. கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் அப்போது பேச்செல்லாம் அவளுடைய கல்யாணம்தான். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை அவளுக்கு. மாப்பிள்ளை திருப்பத்தூரில் டீச்சர். சர்ச்சில் நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு மண்டபம்கூடப் பிடித்தாயிற்று. அப்பா இல்லாத வீடு, எல்லாவற்றுக்கும் நான்தான் முன்னால் நிற்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சு முடிந்து நேரே சென்டருக்குப் போய் ரொம்ப நேரம் ஆடினேன். பாய் வந்து என் தோளைத் தொட்டார். திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மவுஸுக்குக் கீழே இருந்த தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். சுண்டுவிரல் உரசிய இடத்தில் ஒரு நீளக் கறை, கரும்பழுப்பு. விரலைத் திருப்பினேன். ஓரம் முழுக்கத் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

எனக்கு வலிக்கவே இல்லை. அதுதான் என்னைக் குலை நடுங்க வைத்தது. ரத்தம் என்னுடையது, விரல் என்னுடையது, வலி மட்டும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரன் திரும்புவதற்குள் பாய் அந்தத் தோல் துண்டை உருவிச் சுருட்டித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கரண்ட் போனது அப்போதுதான். திட்டிக்கொண்டே எல்லோரும் கீழே காற்று வாங்க இறங்கினார்கள். “நீ இரு” என்றார் என்னிடம். ஜன்னல் பக்கம் கூப்பிட்டு உட்கார வைத்தார். சட்டைக் கையை மேலே ஏற்றச் சொன்னார். முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய திட்டு, ரொம்ப நாளாக இருந்தது.

“இது இன்னா?”

“சொல்யூஷன் பட்டது பாய். சாம்பிள் ரூமுக்குப் போகும்போது…”

இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எங்கே போனாலும் கையில் காலில் திட்டு இல்லாத ஆள் கிடைப்பது கஷ்டம். கெமிக்கல் பட்டது, சாயம் பட்டது, சொல்யூஷன் பட்டது. தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். அம்மாவும் எனக்கு எண்ணெய்தான் தடவிவிட்டார்.

பாய் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என்னைக் கண்ணை மூடச் சொன்னார். “தொடறப்பலாம் சொல்லு” என்றார். மூடினேன். காத்திருந்தேன். அவர் ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்துக் கண்ணைத் திறந்தபோது பேனா முனை அந்தத் திட்டின் மேல் அழுந்தி நின்றிருந்தது.

எனக்கு அது தெரியவே இல்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து இடது கையை வெளியே எடுத்தார். மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கி அப்படியே நின்றிருந்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளமாக இருந்தது.

“நான் டேனரில ஈரத் தோல்ல வேல பாத்தவன். கை ஃபுல்லா திட்டு, வெடிப்பு, புண்ணு. எல்லாருக்கும் அதான். அதனால என் கைய ஒருத்தனும் பாக்கல. வருஷக்கணக்கா ஒருத்தனும் பாக்கல தம்பி. நானும் கெமிக்கல்னே நெனச்சிக்கினு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வெரல் மடங்கிடுச்சு. வியாதி போய்டுச்சு, மாத்திரைல சுத்தமா போய்டுச்சு. வெரல் திரும்பல.”

வியாதியின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. புத்தகத்தில் தொழுநோய், எங்கள் பக்கத்தில் பெருவியாதி என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். எனக்கு முதலில் தோன்றியது என் கை இல்லை. தங்கையின் கல்யாணம். அண்ணனுக்கு இது என்று ஒரு வார்த்தை திருப்பத்தூருக்குப் போனால் போதும். கட்டிய பிறகுகூட இந்த வியாதியைக் காட்டி விலக்கிவிடலாம் என்று அப்போது சட்டமே இருந்தது. கட்டுவதற்கு முன்னால் என்றால் கேட்கவா வேண்டும்?

“பாய், யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றேன். அழுதுவிட்டேன்.

“நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? எனக்கும் இந்தக் கடைதான் சோறு போடுது. இந்தக் கைய பாத்தா எவனாவது நான் தொட்ட மவுஸ தொடுவானா?” என்று கையைத் திரும்பப் பாக்கெட்டுக்குள் வைத்தார். அந்தப் பயம் அவர் குரலில் இருந்ததைக் கேட்டபோதுதான் அவரும் என்னைப் போல ஒரு மனுஷன் என்று எனக்கு உறைத்தது.

வேலூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எங்கள் சொந்தத்தில் ஒரு நர்ஸ் இருப்பார். அதனால் ஊருக்கு வெளியே, யாரும் தெரியாத ஒரு இடத்துக்கு பாய்தான் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ஒரு இளம்பெண். மாத்திரையும், நரம்பு வீக்கத்துக்குத் தனி மருந்தும் தந்தார். சரியாகிவிடும், மருந்து ஆரம்பித்தபின் யாருக்கும் பரவாது என்று நிதானமாகச் சொன்னார். கடைசியில், “வீட்ல இருக்கறவங்க எல்லாரையும் ஒரு தடவ பாக்கணும், கூட்டிட்டு வாங்க” என்றார். தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும் வழியில் பாய் கேட்டார். “எப்ப கூட்டிக்கினு வருவ?”

“முடியாது பாய். இன்னான்னு சொல்லிக் கூப்பிடுவேன்? தங்கச்சி கல்யாணம் முடியட்டும்.”

“உன் கைக்கு நீ பயந்த. நியாயம். அந்தப் பொண்ணு கைக்கு யாரு பயப்படறது?”

 அவர் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் அதையே கேட்டார். நான் சென்டர் பக்கம் போகாமல் இருந்து பார்த்தேன், கம்பெனி வாசலில் வந்து நின்றார். என் முகம் அந்த நரம்பு மருந்தில் உப்பிக்கொண்டே போனது. ஆபீஸில் எல்லோரும், “தங்கச்சி கல்யாணம்னதும் சதை போட்டுட்டியே” என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்கு ஒவ்வொரு கிள்ளுக்கும் உயிர் போய் வந்தது. சுண்டுவிரலில் மெதுவாகப் பிடி திரும்பியது. ஓரத்தில் உணர்ச்சி இன்றைக்கும் முழுசாக இல்லை, ஆனால் இதை டைப் அடிக்கிறபோது அந்த விரலும் கூடவே அடிக்கிறது.

அந்தச் சென்டர் இப்போது இல்லை. வீட்டுக்கு வீடு நெட் வந்ததும் பாய் கடையை மூடிவிட்டு மேல்விஷாரம் பக்கம் போய்விட்டார் என்றார்கள். நான் தேடிப் போனேன். ஆனால் அவர் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மேல்விஷாரத்தில் போய் ‘பாய்’ என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. பெரிய வருத்தம் எனக்கு அது.

அப்போது வாரா வாரம் கேட்டும் நான் அசையாததால், கடைசியில் பாயே ஒரு வழி சொன்னார். “ஆஸ்பத்திரிக்குத்தான கூப்பிட முடியாது? இங்க கூட்டிக்கினு வா. மவுஸ் பாக்க.”

தங்கையிடம், கல்யாணத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தரப் போகிறேன், உன் கைக்கு எந்த மவுஸ் சரிப்படும் என்று பார்த்துவிடலாம் வா என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். “மவுஸுக்கெல்லாம் அளவு எடுப்பாங்களா?” என்றாள். ஆனால் வந்தாள். சென்டரில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம். கீழேயிருந்து சொல்யூஷன் வாசனை அடித்தது. 

“வாம்மா, குந்து. மொதல்ல இத புடி.”

பெரிய மவுஸைக் கொடுத்தார். பிறகு சின்னது. பிறகு தட்டையானது. திரையில் மிதக்கிற பலூன்களை உடைக்கிற ஒரு சின்ன விளையாட்டைப் போட்டுவிட்டார். அவள் முதலில் கூச்சப்பட்டு, பிறகு சிரித்துக்கொண்டே உடைத்தாள். பாய் சிரிக்கவில்லை. அவள் சுண்டுவிரல் மவுஸை அணைக்கிறதா, கட்டைவிரல் அழுத்துகிறதா, தோலின் சொரசொரப்பு மாறினால் அவளுக்குத் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் வழவழப்பு என்று சொல்லச் சொன்னார். சட்டென்று சொன்னாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி ஜெபம் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பாய் நிமிர்ந்தார். “கை நல்லா இருக்குமா. ரெண்டு கையும். நுனி விரல்ல புடிக்கற. ஒனக்கு இந்தச் சின்னது போதும்.”

எனக்கு மூச்சு வந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். கிளம்பலாம் என்று அவள் தோளைத் தட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை. மவுஸின் மேலேயே கையை வைத்திருந்தாள்.

“கை மட்டும்தான் பாப்பீங்களா பாய்?” என்றாள்.

“எனக்கு கை மட்டும்தாம்மா தெரியும்.”

“அப்ப இத யார்கிட்ட காட்டணும்?”

துப்பட்டாவைத் தள்ளி, சுடிதார் கையைத் தோள்வரைக்கும் சுருட்டினாள். மேல்கையின் பின்பக்கம், வெளிறிய ஒரு திட்டு. என்னுடையதைவிடச் சின்னது. அதன் நடுவில் ஒரு சூட்டுத் தழும்பு, இஸ்திரிப் பெட்டியோ ஏதோ அவளுக்கே தெரியாமல் சுட்டது.

பாய் அதைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தார்.  “இது… சொல்யூஷனா இருக்கும்” என்றேன். 

“எனக்கு ஏதுண்ணா சொல்யூஷன்? நான் பில் போடறவ. எங்க ஆஸ்பத்திரி சுவத்துல இந்தத் திட்டு படமே போட்டு ஒட்டியிருக்கு, தெனம் அது எதிர்லதான் உக்கார்றேன். உன் முழங்கைய பாத்தப்பவே உனக்கும் அதான்னு தெரியும்.” சுருட்டிய துணியை அவள் மெதுவாக இறக்கிவிட்டாள். “நீ சாப்பிடற மாத்திரையும் தெரியும். பேர பாத்துட்டேன்.”

“மாப்ள வீட்ல…” என்று ஆரம்பித்தேன்.

“அவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன். கட்டறதும் கட்டாததும் அவங்க இஷ்டம். அதுக்கு எனக்கு பயம் இல்லண்ணா.” அதுவரை திரையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். “உன்கிட்ட சொல்லத்தான் இத்தன நாளா பயந்துட்டே இருந்தேன். நீ தாங்கமாட்டியே.”